குரல்கள்: இரண்டு

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை நீதிமன்றத்தில் அனுமதியைப் புதுப்பித்தால்தான் ஒருவர் வீட்டை அரசு ஒட்டுக்கேட்க முடியும். வாஷிங்டனில் அரசு வக்கீல் லொரெய்னுக்கு அதுதான் வேலை. அன்று காலையும் கைபேசியை வெளியே பெட்டியில் பூட்டிவிட்டு, ஜன்னலில்லாத அறைக்குள் போனாள்.

உளவாளி என்று ஆறு வருடமாகச் சந்தேகிக்கப்பட்ட பொறியாளர் ஆல்டன் மாரடைப்பில் இறந்து பதினோரு நாளாகியிருந்தது. அவர்மேல் கடுகளவு குற்றமும் கிடைக்கவில்லை.

முந்தின நாள் அவர் சமையலறையில் கேட்ட பேச்சு எழுத்தாகி மேசைக்கு வந்திருந்தது. வழக்கம்போல மேலே எண்ணிக்கை. குரல்கள்: இரண்டு.

மேவிஸ்: சூப் ஆறுது, வாயேன்.
ஆல்டன்: இதோ வந்துட்டேன்.

லொரெய்ன் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டாள். ஆல்டனின் மனைவி மேவிஸ் கூப்பிட்டாள். பிறகு கரண்டிச் சத்தம். அவ்வளவுதான்.

"பழக்கதோஷத்துல எழுதிட்டீங்களா, கிளைட்?"

பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் கிளைட் பக்கத்து மேசையில் ஹெட்போனோடு இருந்தான்; நிமிரவில்லை. "ஆறு வருஷமா கேக்குற குரல், மேடம். எனக்குத் தெரியாதா?"

மேலதிகாரி எட்டிப் பார்த்தார். "செத்தவன்மேல என்னம்மா வழக்கு? மூடித் தொலை."

படிவத்தில், ஒட்டுக்கேட்பை நிறுத்துவதற்கான காரணம் என்ற இடத்தில் 'மரணம்' என்று எழுதி லொரெய்ன் கையெழுத்துப் போட்டாள். மத்தியானமே ஆட்கள் போய் ஆல்டன் வீட்டிலிருந்த ஒட்டுக்கேட்கும் கருவிகளையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை மேசையில் இன்னொரு தாள் இருந்தது. குரல்கள்: இரண்டு.

மேவிஸ்: நேத்து மத்தியானத்துலேர்ந்து ஏன் பேசவே மாட்டேங்குற?
ஆல்டன்: பேசிட்டேதான் இருக்கேன், மேவிஸ்.
மேவிஸ்: ஆல்டன்?