கலெக்டருக்கு இன்சூரன்ஸ்

இந்தக் கதையில் சிரிப்பு கடைசியில்தான் வரும். ஜெயப்பிரகாஷே அதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தான். நாமும் கொஞ்சம் பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஜெயப்பிரகாஷ் பிளஸ் டூ. படிப்பு சுமார், தொண்டை அபாரம். ஹெட்மாஸ்டர், ஃபாதர், மீன் ஏலம் விடுகிறவர், பாண்டி பஸ் கண்டக்டர் என்று மரக்காணத்தில் அவன் வாயில் மாட்டாத குரல் கிடையாது.

இந்தத் தடவை மாட்டியது ஆரோக்கியசெல்வி. உப்பளத்தில் கூலி வேலை. வீட்டில் அவளும் ஒரு நாயும்தான். சுனாமிக்குப் பிறகு கலெக்டர் பார்வையிட வந்த அன்றைக்கு, ஜீப்புக்குப் பின்னாலேயே தெருவுக்குள் ஓடிவந்த குட்டி. அதனால் நாய்க்குப் பேரே கலெக்டர்.

இன்சூரன்சுக்கு ஆள் சேர்க்க வந்தவரிடம், "நாயைச் சேத்துக்குவீங்களா சார்?" என்று அவள் கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். தெருவே சிரித்தது. ஜெயப்பிரகாஷ் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு ஐடியா வந்துவிட்டது.

தெருவுக்கு வரும் போன் எல்லாம் அமராவதி மளிகைக் கடைக்குத்தான் வரும். வேலை முடிந்து திரும்பும்போது ஆரோக்கியசெல்வி அங்கேதான் அரிசி வாங்க நிற்பாள், கலெக்டரும் கூடவே. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், பஸ் ஸ்டாப்பில், காசு போட்டுப் பேசும் ஒரு காயின் பாக்ஸ் போன்.

தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காசைப் போட்டான்.

"வணக்கம்மா. சென்னையிலேர்ந்து பைரவா இன்சூரன்ஸ். உங்க நாய் விஷயமா பேசறோம். நாயோட பேரு?"

"கலெக்டருங்க."

"உத்தியோகத்தைக் கேக்கலம்மா. பேரு."

"பேரே அதாங்க."

பக்கத்தில் நின்ற கூட்டாளி தமிழ்வேந்தன் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டான்.

"நாய் செத்துட்டா நல்ல தொகை குடுப்போம்."

"அது போனப்புறம் எனக்கு எதுக்குங்க காசு? மழை வந்தா உப்பளத்தை மூடிடுவாங்க. தை வரைக்கும் கோட்டக்குப்பத்துல ஒரு வீட்டுக்கு சமைக்கப் போறேன். அங்க நாயைக் கூட்டிட்டுப் போக முடியாது. போன மழைக்கு இங்கியே விட்டுட்டுப் போயிட்டேன். வந்து பாத்தா எலும்பும் தோலுமா கெடந்துச்சு. இந்த வாட்டியும் அப்படி விட்டா பொழைக்காதுங்க. நான் இல்லாதப்ப சோறு போடுவீங்களா?"

ஜெயப்பிரகாஷ் இதை எதிர்பார்க்கவில்லை. "போடுவோம்... போடுவோமே. ரெண்டு வேளை."

அதற்குள் கலெக்டர் ரோட்டைத் தாண்டி வந்து, அவன் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. டீக்கடையில் அவன் தின்னும் பன்னில் பாதி தினமும் அதற்குத்தான். காலால் தள்ளிப் பார்த்தான். நகரவில்லை.

மறுநாள் குரல் மாறியது. இழுத்து, கொஞ்சி, ஒரு பொம்பளைக் குரல்.

"ஹலோ, பாண்டிச்சேரி டைகர் இன்சூரன்ஸ். மேனேஜர் பேசறேன்."

"நேத்து பைரவாவுல சோறு போடறேன்னாங்களே மேடம்."

"வெறும் சோறா? நாங்க மீனோட போடுவோம்."

"அப்படீங்களா. அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

அடுத்த நாள் பைரவா, மீனோடு வெறிநாய்த் தடுப்பூசிக்கும் ஒப்புக்கொண்டது. விடுவாளா டைகர் மேடம்? மழையில் நனையாமல் வீட்டுக்குள்ளேயே கோணி விரித்துப் படுக்க வைப்பதாகச் சொன்னாள். ஜெயப்பிரகாஷை எதிர்த்து ஜெயப்பிரகாஷே ஏலம் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் கலெக்டர் ரோட்டைத் தாண்டி வந்து அவன் காலடியில் படுத்துக் கேட்டது.

"சரிங்க மேடம், உங்க கம்பெனியே இருக்கட்டும்," என்றாள் ஆரோக்கியசெல்வி. "பேச்சு மாற மாட்டீங்களே?"

"டைகர் வாக்கு குடுத்தா குடுத்ததுதாம்மா. நாளைக்குக் காலையில பஸ் ஸ்டாப்புக்கு எங்க வேன் வரும்."

போனை வைத்ததும் தமிழ்வேந்தன் தலையைச் சொறிந்தான். "டேய், பாவம்டா அந்தக்கா."

"என்னடா பாவம்? வராத வேனுக்கு நாயைப் புடிச்சுக்கிட்டு நிக்கும் பாரு. அந்த மூஞ்சியைப் பாக்கத்தான்டா இவ்ளோ கஷ்டப்பட்டேன்."

காலையில் வானம் இருட்டிக்கொண்டு நின்றது. பையன்கள் முன்கூட்டியே வந்து இடம் பிடித்துவிட்டார்கள். ஆரோக்கியசெல்வி ஒரு கையில் பை, ஒரு கையில் நைலான் கயிற்றோடு கலெக்டரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி, டைகர் கம்பெனி வேன் வந்துச்சா?"

"இன்னும் காணோமேக்கா," என்றான் ஜெயப்பிரகாஷ். பரம யோக்கியன் ஒருவனின் குரல்.

அவள் ரோட்டையே பார்த்தாள். வேன் வரவில்லை. கோட்டக்குப்பம் வழியாகப் போகும் பாண்டி பஸ் வந்துவிட்டது.

"வேன் வர்ற வரைக்கும் இத புடிச்சுக்கிறியா தம்பி? விட்டுட மாட்டியே?"

"குடுங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

கயிறு கை மாறியது. பையன்கள் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கலெக்டர் வழக்கம்போல அவன் செருப்பின் மேல் தலையை வைத்துக்கொண்டது. அவள் குனிந்து அதன் நெற்றியைத் தடவினாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"இது ஊர்ல யாருகிட்டயும் போவாது தம்பி. எனக்குப் போன் வந்தப்பல்லாம் மட்டும் ரோட்டைத் தாண்டி உங்கிட்ட ஓடிச்சு. அத வெச்சுத்தான் எந்தக் கம்பெனின்னு முடிவு பண்ணேன்."

கண்டக்டர் விசில் அடித்தார். ஜெயப்பிரகாஷ் வாயைத் திறந்தான். ஒரு குரலும் வரவில்லை.

"தை பொறந்ததும் வந்துடறேன்," என்றாள் அவள், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "அதுவரைக்கும் மீனுல முள்ளு எடுத்துட்டுப் போடுங்க, மேடம்."