மிளகுக்கடைப் பூனை

மண்டி மொஹல்லாவில் மிளகுக்கடை வைத்திருக்கும் சுலோசனாவின் பூனை, வாடைக்காற்று தொடங்கினால் காணாமல் போய்விடும். இனி வராதோ என்று அவளுக்குச் சோறு இறங்காது. ஆவணியில், ரோமமெல்லாம் கடலுப்புப் படிந்து திரும்பி வரும். மைசூரில் கடல் ஏது?

இந்த முறை அதன் கழுத்தில் நூலில் கோத்த ஒரு நீலப் பாசிமணி இருந்தது.

"ஆன்ட்டி, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஆவணியில மிளகு வாங்க வந்து வாடைக்காத்துல திரும்பிப் போன எகிப்துக் கப்பல்ல இந்த மாதிரி மணி வரும்," என்றாள் தொல்லியல் படித்த பக்கத்து வீட்டு மேதா. "ஆனா நூல் புதுசா இருக்கே!"

"அங்கயும் இதுக்குச் சோறு போட ஒருத்தி இருக்கறாளாட்ட இருக்குது," என்று சுலோசனா நிம்மதியானாள்.

அடுத்த வாடைக்குமுன் சின்னத் துணியில் கொஞ்சம் மிளகை முடிந்து பூனையின் கழுத்தில் கட்டிவிட்டாள்.

ஆவணியில் அது வந்தது. துணியில் யாரோ வேறு விதமாக முடிச்சுப் போட்டிருந்தார்கள். உள்ளே ஈரம் காயாத பவளத் துண்டு ஒன்று இருந்தது.