முள் இல்லாத பின்னங்கால்

நான்காவது ஈயையும் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். கொண்டுவந்தவன் மேல் எனக்கு நம்பிக்கையே இல்லை.

உடம்பின் பச்சை மினுமினுப்பு சரி. ஒல்லியான நீளக் கால்கள் சரி. இறக்கை நரம்பு வளையும் விதம்கூடச் சரிதான். ஆனால் பார்க்க வேண்டியது பின்னங்காலை. பாதத்தின் முதல் கணுவில், மேல்பக்கம் வரிசையாக முள் இருந்தால் அது எந்தக் குட்டையோரத்திலும் திரிகிற சர்வசாதாரண ஈ. முள் இல்லாவிட்டால் வேறு பேரினம், அபூர்வம்.

இந்த நாட்டில் அந்தப் பேரினத்தை முதலில் கண்டுபிடித்தவள் நான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரே ஓர் இனம், மொத்தம் ஐந்து ஈக்கள். இந்த அருங்காட்சியகத்தில் என் வேலையும் தனி அறையும் அதனால் வந்தவை. இரண்டாவது இனம் கிடைத்தது என்று யார் சொன்னாலும் என் கையெழுத்து வேண்டும்.

இவன் இங்கே வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் கிடைத்துவிட்டதாம்! அதுவும் வேலையை நிரந்தரமாக்குகிற மாதம் பார்த்து. யார் காதில் பூ சுற்றுகிறான்?

கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பார்க்கவே எரிச்சலாக வந்தது.

விளக்கைச் சாய்த்து வைத்து, லென்ஸை மாற்றினேன்.

முள் இல்லை. ஆனால் அது முளைக்கிற இடத்தில் வரிசையாக மூன்று குழிகள். பிறவியிலேயே முள் இல்லாத காலில் குழி ஏது?

மற்ற மூன்று ஈக்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே மூன்று குழி, விளிம்பு கிழிந்து. தானாக உதிர்ந்தால் கிழியாது. அட படுபாவி, இடுக்கியால் பிடுங்கியிருக்கிறான்!

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் நாற்காலியைத் திருப்பினேன்.

"யாருகிட்டப்பா உன் வேலையைக் காட்டுற? பிடுங்கினதுதான் பிடுங்கின, காஞ்ச கால்லயா பிடுங்குவாங்க? ரெண்டு நாள் ஈரத்துல ஊற வெச்சிருந்தா விளிம்பு கிழிஞ்சிருக்குமா? குழிகூடத் தெரிஞ்சிருக்காது!"

அவன் முகம் வெளிறிப்போனது. காலில் விழுவான் என்று காத்திருந்தேன்.

விழவில்லை.

"ரெண்டு நாளா, மேடம்?"

அந்த இரண்டு நாள் கணக்கு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

அவன் பார்வை என் தலைக்கு மேலே, என் ஐந்து ஈக்கள் இருக்கிற கண்ணாடிப் பெட்டிவரை போய்த் திரும்பியது. டைரக்டரைக் கூப்பிட வேண்டியவள் நான். போனைத் தொடவில்லை.

புது இனம் என்று உறுதிசெய்யும் படிவத்தை என் முன்னால் வைத்தான். பேனாவையும் மூடி கழற்றி அவனே நீட்டினான்.

கையெழுத்துப் போட்டேன்.

மை காயும்வரை ஊதி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதுவரை மேடம் மேடம் என்று குழைந்தவன், கதவை எனக்காகத் திறந்து பிடித்தபடி, "வாங்கக்கா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்றான்.

போனேன்.