நாற்பத்தொன்றாவது கருத்து

“இந்த ஆளுக்கு இனிப் பதில் எழுதாதீங்க, அக்கா. ஆரெண்டே தெரியாது” என்றாள் ஜெஸ்மின்.

“எனக்குத் தெரியும்” என்றாள் கமலாதேவி.

அடுத்த வீட்டு ஜெஸ்மின்தான் அவளுக்குக் கைபேசியில் தமிழ் எழுதப் பழக்கியவள். திருகோணமலை லிங்கநகரில் கமலாதேவி மனம்விட்டுப் பேசுவதும் அவளோடு மட்டுமே.

மகன் சிந்துஜன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருடங்கள். எந்தப் புதுப்படம் வந்தாலும் முதல் நாளே பார்த்துவிட்டு, திரையரங்க வாசலில் ரசிகர்களைப் பேட்டி காணும் உள்ளூர் யூடியூப் அலைவரிசையில் தன் கருத்தையும் எழுதுவது அவன் வழக்கம். சோற்றை மறந்தாலும் அதை மறக்கமாட்டான். அது வீடே அறிந்த பைத்தியம். ஆகவே, படம் மாறும்தோறும் கமலாதேவி அந்தக் கருத்துகளை ஒன்று விடாமல் வாசித்து வந்தாள்.

இந்த முறை வந்தது போதைப்பொருள் கும்பலைப் பற்றிய படம். நாயகனே போதைக்கு அடிமை. கறுப்புக் கண்ணாடி அணிந்து, புகைக்குள் மெதுவாக நடந்து வருகிறானாம். நடையைப் புகழ்ந்தும், இசையைப் புகழ்ந்தும், மோட்டார் சைக்கிளைப் புகழ்ந்தும் நாற்பது பேர் எழுதியிருந்தார்கள். நாற்பத்தொன்றாவதாக, முகப்படம் வைக்காத ஒரு கணக்கிலிருந்து ‘பார்வையாளன்’ என்பவர் எழுதியிருந்தார்:

“படம் அழகு. ஆனால் பொய். தூளுக்கு அடிமையானவன் இப்படி நடப்பதில்லை. தாயின் தையல் மெசினை உறையோடு தூக்கிக்கொண்டு, விடியுமுன் பின்கதவால் நடப்பான்.”

சிந்துஜன் அப்படித்தான் நடந்தான். அந்தக் கதை வீட்டுப் படியைத் தாண்டியதில்லை. மெசின் திருத்தக் கொடுத்திருக்கிறது என்றே ஊருக்குச் சொல்லியிருந்தாள். ஜெஸ்மினுக்கே உண்மை போன கிழமைதான் தெரியும்.

“எந்தப் பொடியன், அக்கா, இப்படி முற்றுப்புள்ளி எல்லாம் வைச்சு எழுதுறான்? இது ஆரோ பென்சன் எடுத்த வாத்தியார்.”

“என்ர பிள்ளை தமிழில ஏ எடுத்தவன்.”

ஜெஸ்மின் கைபேசியை அவளிடமே நீட்டினாள்.

கணவர் யோகலிங்கத்திடம் கமலாதேவி எதையும் சொல்லவில்லை. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர்; விறாந்தையில் சாய்கதிரையைப் போட்டு, கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டே பொழுதைக் கழிப்பார். மெசின் காணாமற்போன அன்று, மகனுடைய பையை றோட்டில் எறிந்து வாசல் கேற்றைப் பூட்டியவரும் அவரே. அன்று தொடக்கம் அந்த வீட்டில் பேச்சு என்பது “சாப்பாடு வைச்சிருக்கு” என்ற அவளுடைய வார்த்தையும், அவருடைய “ம்” என்ற ஒலியும்தான். இதை அறிந்தால் மனிதர் ஏதாவது எழுதிப் பிள்ளையை மறுபடியும் விரட்டிவிடுவார்.

தாய் என்று தெரிந்தால் அவனும் ஓடி ஒளிவான் என்று அஞ்சி, ஜெஸ்மின் அமைத்துக் கொடுத்த ‘திருமலை ரசிகன்’ என்ற பெயரில் அவள் எழுதினாள். பெண் பெயரைக் கண்டால் கண்டவர்களும் கதைக்க வருவார்கள் என்பது ஜெஸ்மினின் நியாயம்.

திங்கட்கிழமை கேட்டாள்: “அந்த உறை நீலமோ?”

உடனேயே பதில் வந்தது. “ஓம். நீலம். உமக்கு எப்படித் தெரியும்?”

அவள் எழுதினாள்: “மூலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட அடையாளமும் இருந்தது.”

அதன் பிறகு இரண்டு நாட்களாக ஒரு சொல்லும் இல்லை.

“பயந்திட்டான்” என்றாள் கமலாதேவி. “இனி எழுதமாட்டான், பிள்ளை. நான்தான் அவசரப்பட்டுக் கெடுத்துப்போட்டன்.”

“அப்ப விடுங்க, அக்கா.”

அவள் விடவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். “அந்தப் பிள்ளை திரும்பி வீட்டுக்கு வர ஏலாதோ?” ஜெஸ்மின் தடுப்பதற்குள் அனுப்பியும்விட்டாள்.

அஸர் தொழுகைக்கு நேரமாயிற்றென்று ஜெஸ்மின் எழுந்து போனாள். வீடு மறுபடியும் பழைய அமைதிக்குள் போனது. யோகலிங்கத்துக்குத் தேநீர் ஊற்றக் கமலாதேவி குசினிக்குள் நுழைந்தபோது, கையிலிருந்த கைபேசி மணியடித்தது.

பதில் வந்திருந்தது. இந்த முறை முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை.

“சிந்து நீதானேயடா உன்ர பையை எறிஞ்ச கையாலதான் எழுதுறன் இப்ப கேற் பூட்டுறேல்லை கொம்மா என்னோட கதைச்சு மூண்டு வருசம் நீ வந்தால் கதைப்பா வீட்ட வா ராசா”

கமலாதேவி விறாந்தையை எட்டிப் பார்த்தாள். சாய்கதிரையின் நுனியில், கைபேசியை இரு கைகளாலும் ஏந்தியபடி, மகனுடைய பதிலுக்காக யோகலிங்கம் காத்திருந்தார்.