பாதியில் நின்ற மீன்

"மீதியை நீங்கதான் போடணுமுங்க" என்று சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார் பிரபாகர். போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். அகலமான முதுகு.

திருச்செங்கோட்டில் ஒரு மாடியில் டாட்டூ கடை வைத்திருக்கும் சுகன்யா, அந்த முதுகைப் பார்த்துத் திகைத்தாள்.

இடுப்பிலிருந்து ஜப்பான் பாணியில் பெரிய கெண்டை மீன் ஒன்று அலையைக் கிழித்துக்கொண்டு ஏறியது. பாதி முதுகில் எல்லாம் நின்றுவிட்டது. அதற்கு மேல் வெறும் தோல்.

யார் வேலை என்று கேட்க வேண்டியதில்லை. அவளுடைய அண்ணன் மாதேஷ்தான்.

சேலம் சூரமங்கலத்தில் இருவரும் ஒரே கடையில் இருந்தவர்கள். அவனுக்கு மீன், அலை, டிராகன். இவளுக்கு வட்டம், முக்கோணம், அறுகோணம். "அலைக்குப் பக்கத்துல கட்டம் போட்டா படமே செத்துப்போயிரும்" என்று ஒருநாள் அவன் சொல்ல, சண்டை முற்றி இவள் தனிக்கடை போட்டாள். அதன் பிறகு பேச்சே இல்லை.

"அவரே முடிச்சிருக்கலாமுங்களே?"

"மேல உங்க கட்டந்தான் வரணும்னு சொல்லிட்டாருங்க."

"எங்கண்ணனா சொன்னாரு?"

"ஆமாங்க."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்கூட்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிந்ததிலிருந்து அவள் கடைக்கு ஆள் வருவதே நின்றுவிட்டது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் 'அந்தப் பொண்ணுக்குக் கை நடுங்குதாம்' என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. இந்த நேரத்தில் பேசாத அண்ணன் ஏன் ஆள் அனுப்புகிறான்?

வந்த வேலையை விட மனமில்லை. அலையின் நுரை உடைந்து சின்னச் சின்ன முக்கோணமாகச் சிதறுவதுபோல் வரைந்தாள். மீனின் செதில்கள் தோள்பட்டையை நெருங்க நெருங்க அறுகோணங்களாயின. ஊசியை வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். கோடு நேராகப் போனது. சில வாரங்களில் முதுகு முழுசாயிற்று.

அடுத்து, ராசிபுரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் உஷாராணி வந்தாள். தோளில் ஜப்பான் பாணியில் செவ்வந்திப் பூ. முழங்கை வரை வெறும் தோல்.

"உங்களையும் மாதேஷ்தான் அனுப்பினாருங்களா?"

"ஆமாங்க."

சுகன்யா விருட்டென்று வெளியே போய் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"என்னண்ணா நினைச்சிட்டு இருக்கே? பாதியில உட்டுட்டு என் தலையில கட்டறே. நீ மிச்சம் வெக்கறதை முடிக்கறதுக்கா நான் கடை வெச்சிருக்கறேன்?"

"எனக்குக் கட்டம் வராது சாமி. உனக்குத்தான் வரும்."

"கட்டமே ஆகாதுன்னவன் நீ."

"சொன்னேன்தான். வந்தவங்களைக் காக்க வெக்காத. போய் வேலையைப் பாரு."

வைத்துவிட்டான். கிண்டலா, சமாதானமா என்றே தெரியவில்லை.

உள்ளே வந்து மெஷினை எடுத்தாள். மனசு ஆறவில்லை.

"எங்கண்ணனுக்கு வரவரச் சோம்பேறித்தனமுங்க. உங்களை இவ்வளவு தூரம் அலைய உடறாரு."

உஷாராணி சங்கடமாகப் பார்த்தாள்.

"சொல்லக் கூடாதுன்னாருங்க. ஆனா நீங்க அவரைத் திட்டறதைக் கேட்டுட்டு இருக்க முடியல. உங்ககிட்டக் கையை நீட்ட எனக்குப் பயமாத்தான் இருந்தது. உங்கண்ணன் கடையில பழக்கமான பிரபாகர் அண்ணனும் மொதல்ல பயந்தாராம்."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"'அவ முடிக்கற வரைக்கும் கீழ டீக்கடையிலயே உக்காந்திருக்கறேன். கை நடுங்குனா ஒரு சத்தம் குடுங்க, நானே வந்து சரி பண்ணித் தாரேன்'னு சொன்னாருங்க. பிரபாகர் அண்ணன் வந்தப்பெல்லாம் இருந்தாராம். இப்பவும் கீழதான் உக்காந்திருக்காருங்க."