பெட்டி தள்ளுற காத்து

"ரெண்டு நாள் இருக்கட்டும் மாமா" என்று மைத்துனன் ஹாலில் இறக்கிய கிடார் ஸ்பீக்கர் பெட்டி, ஃபிரிட்ஜ் அளவு, ஐந்து வருஷம் அங்கேயே குடித்தனம் நடத்தியது. பொறுத்துப் பார்த்த மாமா, ஒருநாள் அதன் முன்னால் மைக்கை நிறுத்தி, அடி ஸ்வரத்திலிருந்து உச்ச ஸ்வரம் வரை ஊளையிட வைத்து, அதன் குணத்தையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் ஃபைலில் பிடித்துவிட்டார்.

"இனி எந்தச் சின்ன ஸ்பீக்கர்ல வாசிச்சாலும் உன் பெட்டி மாதிரியே கேக்கும், மாப்ளே. பெட்டியை யாருக்காவது குடுத்துடலாமா?"

"ஃபைலும் பெட்டியும் ஒண்ணா? திரை போட்டு மறைச்சு வாசிங்க. எது எதுன்னு புட்டுப் புட்டு வைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை திரை கட்டியாயிற்று. ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால்; மாமா கிடாரோடு மைத்துனன் பக்கமே உட்கார்ந்து வாசித்தார்.

"இது ஃபைல்னு நினைக்கிறேன். உசிரே இல்ல."

மாமா தொண்டையைக் கனைத்துவிட்டு அதையே மறுபடி வாசித்தார். மைத்துனன் துள்ளி எழுந்தான்.

"இதான் மாமா பெட்டி! கால்ல பேன்ட் படபடன்னு அடிக்குது பாருங்க. பெட்டி தள்ளுற காத்து! எந்த ஃபைல் இதைக் குடுக்கும்? என் தங்கத்தை இப்பவே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்!"

மாமா கிடாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். தடுப்பதற்குள் அவன் திரையை விலக்கிவிட்டான்.

உள்ளே புத்தகம் அளவு ஒரு ஸ்பீக்கர். பக்கத்தில், ஓடுகிற டேபிள் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு அவன் அக்கா.

"அக்கா... என் பெட்டி?"

"அது நேத்தே பழைய சாமான் வண்டியில போயிடுச்சுடா."

அக்கா ஃபேனை அணைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"இந்தா, உன் தங்கம். தூக்கிட்டுப் போ."