பெண்ணுக்கும் கம்ப்யூட்டருக்கும் அலங்காரம்

மகளுக்குப் பூ வைத்து முடித்த கையோடு, மங்களேஸ்வரி உள்ளே போய்க் கம்ப்யூட்டரையும் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்கும் அலங்காரம் ஆகியிருந்தது.

திரை முழுக்க நீல ஜன்னல் படம். கீழே எல்லார் வீட்டிலும் இருக்கிற அதே பட்டை, அதே பொத்தான். யார் பார்த்தாலும் விண்டோஸ் என்றுதான் சொல்வார்கள்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ். காசு கொடுக்க வேண்டாம்; யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்து, தன் வசதிக்குத் திருத்திக்கொள்ளலாம். அதில் பல ரகம் உண்டு. நாலைந்தைப் போட்டுப் பார்த்து, கடைசியில் மின்ட் என்ற ரகத்தில் மகள் வித்யாலட்சுமி நிலைத்துவிட்டாள். தென்காசிக் கடைகளுக்கு வீட்டிலிருந்தபடியே அவள் செய்து கொடுக்கும் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான்.

அந்த லினக்ஸால் இரண்டு வரன் கைநழுவிப் போயிருந்தது.

முதல் வரன், ஓசியில் கிடைப்பது உருப்படியாக இருக்குமா என்று கேட்டுவிட்டான். வித்யா பதில் சொல்லி முடிப்பதற்குள் அவன் காபியில் ஏடு படிந்துவிட்டது. ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டாவது வரன், கையோடு கொண்டுவந்திருந்த தன் லேப்டாப் மந்தமாகிவிட்டது என்று பேச்சுவாக்கில் சொன்னான். பெரியவர்கள் கேசரி சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வித்யா பென் டிரைவைச் செருகி அதில் மின்ட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டாள். பெண் பார்க்கப் போன இடத்தில் லேப்டாப்பையே மாற்றிவிட்டாள், கல்யாணம் ஆனால் பையனை மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று அந்த வீட்டில் பேசிக்கொண்டார்களாம்.

"ஏட்டி, இன்னைக்கு அந்தக் கம்ப்யூட்டர் கதையில ஒரு வார்த்தை வரக்கூடாது, சொல்லிட்டேன்."

அம்மா சொன்னதற்கு வித்யா தலையாட்டினாள். இந்த வரன் தப்பிவிடக் கூடாது என்று அவளுக்கே இருந்தது. போட்டோவில் அவன் சிரிப்பு, ஏதோ வேடிக்கையைத் தனக்குள் வைத்துக்கொண்டு சிரிப்பதுபோல் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டுச் செங்கோட்டைக்காரர்கள் குற்றாலம் ஐந்தருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு, எண்ணெய் வாசமும் ஈரத் தலையுமாக வந்து இறங்கினார்கள். தட்டில் ஆப்பிளுக்குப் பதில், அருவிக்கரைக் கடையில் வாங்கிய ரம்புட்டான் பழம்.

பையனையும் பெண்ணையும் தனியாகப் பேசச் சொன்னார்கள். தனியாக இருந்தது கம்ப்யூட்டர் அறைதான். அங்கே இருந்த ஒரே நாற்காலி கம்ப்யூட்டருக்கு முன்னால்.

பையன் கௌரிசங்கர் அதில் உட்கார்ந்தான். திரையைப் பார்த்தான். சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, சாரல் நன்றாக இருக்கிறது என்றான். ஆமாம் என்றாள் வித்யா. கொஞ்ச நேரம் கழித்து, அருவியிலும் தண்ணீர் நன்றாக விழுகிறது என்றான்.

வித்யாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவன் கையிலிருந்த போன் உறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஏதோ ஒரு ஸ்டிக்கரை அவசரமாகச் சுரண்டிய தடம்.

காலம் முழுக்க இந்த நீலப் படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டியதுதானா? உடைத்துச் சொல்லிவிட்டால் என்ன?

வாயைத் திறந்தாள். ஹாலில் அம்மா இருமினாள். மூடிக்கொண்டாள்.

கௌரிசங்கருக்கும் பதற்றம்தான். போனை மேஜையில் வைத்துவிட்டான். கைக்கு வேலை இல்லை. சிலர் தம்மையறியாமல் நெட்டி முறிப்பார்களே, அதுபோல அவன் விரல்கள் தாமாகவே கீபோர்டில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தின.

நீலப் படத்தின் நடுவில் கறுப்பாக ஒரு கட்டம் திறந்தது. கட்டளைகளைத் தட்டுவதற்கான கட்டம். அதன் ஓரத்தில் வித்யாவின் பெயரும் மின்ட்டின் பெயரும் பச்சையாக மின்னின.

விண்டோஸில் அந்த மூன்று விசைகளை அழுத்தினால் எதுவும் திறக்காது. லினக்ஸில் ஊறிய கைதான் அப்படி அழுத்தும்.

அவன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கட்டத்தை மூட மவுஸைத் தொடவில்லை. மூடச் சொல்லும் கட்டளையின் நாலு எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தினான். கட்டம் மறைந்தது.

போட்டோவில் பார்த்த அதே சிரிப்பு.

வித்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்ததும் மங்களேஸ்வரி மகளை ஓரமாக இழுத்து, அதைப் பற்றி வாயைத் திறந்தாயா என்று கேட்டாள். வித்யா இல்லை என்று தலையாட்டினாள். பொய் ஒன்றும் இல்லை.

எதிர் சோபாவில் கௌரிசங்கரின் அம்மா மகன் காதருகே குனிந்தாள். அந்த அம்மாவுக்கு ரகசியம் பேச வராது போலிருக்கிறது. ஹால் முழுக்கக் கேட்டது.

"ஏலே, இது மூணாவது வீடு. அந்த லினக்ஸ் பேச்சை இங்கனயும் எடுத்து விட்டியா?"

மங்களேஸ்வரியின் கையில் ரம்புட்டான் பாதி உரித்தபடி நின்றது.

கௌரிசங்கர் இல்லை என்று தலையாட்டினான். அவனும் பொய் சொல்லவில்லை.